துளையும் மரையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க இளம்பெண்களிடம் பொத்தான் சரம் கோக்கும் பழக்கம் இருந்தது. நீளமான நூலில் ஒவ்வொரு பொத்தானாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கடையில் வாங்கிக் கோக்கக்கூடாது. பாட்டியோ அத்தையோ தோழியோ கொடுத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக்கூடாது. 999 சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆயிரமாவது பொத்தானோடு வருகிறவன்தான் மாப்பிள்ளை என்பது நம்பிக்கை. அவசரப்பட்டுத் தானே ஆயிரத்தையும் நிரப்பிவிட்டவளுக்குக் கல்யாணமே ஆகாது என்று பயமுறுத்தவும் செய்தார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் சரத்தை வெளியே எடுத்து, இது யார் சட்டையில் இருந்தது, இதை யார் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கதை சொல்வார்கள்.

நகைக்கடைக்காரர் யாரும் யோசித்து உண்டாக்கிய வழக்கமல்ல இது. பொத்தானுக்குப் பெரிய விலையும் கிடையாது. ஆனாலும் இன்றைக்கு மணிக்கட்டுகளில் பார்க்கிற சார்ம் பிரேஸ்லெட்டின் வியாபார சூத்திரம் மொத்தமும் அந்த நூலில் இருக்கிறது. நகை முழுதாக இருக்கக்கூடாது. அதில் ஒரு குறை வேண்டும். அந்தக் குறையை நிரப்ப இன்னொருவர் வர வேண்டும். மனிதர்கள் மணி கோக்கத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. குறையை விலைக்கு விற்கக் கற்றுக்கொண்டதுதான் புதிது. அதைக் கடைசியில் சரியாகப் பிடித்தவர்கள் கோபன்ஹேகன் நகரத்தில் நகைத் தொழில் செய்த இரண்டு குடும்பங்கள்.

சார்ம் பிரேஸ்லெட்டின் கதையைச் சொல்பவர்கள் விக்டோரியா ராணியைச் சொல்லாமல் நகர்வதில்லை. சொல்ல வேண்டியவர்தான். 1840 நவம்பர் 21ஆம் தேதி அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் கணவர் ஆல்பர்ட் ஒரு தங்கச் சங்கிலிக் காப்பைப் பரிசளித்தார். அதில் எனாமல் பூசிய சிறிய இதயம் ஒன்று தொங்கியது. இதயத்தைத் திறக்கலாம், உள்ளே குழந்தையின் தலைமுடி ஒரு சுருள். அடுத்தடுத்துக் குழந்தைகள் பிறக்கப் பிறக்க இதயங்களும் சேர்ந்தன. மூத்தவளுக்கு இளஞ்சிவப்பு, அடுத்த இளவரசருக்கு வெளிர்நீலம், பிறகு சிவப்பு, கருநீலம் என்று பிள்ளைக்கொரு நிறம். 1857இல் கடைசிக் குழந்தை பியாட்ரிஸ் பிறந்தபோது இதயங்கள் ஒன்பதாகிவிட்டன. பதினேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு முடிந்த நகை அது. 1861இல் ஆல்பர்ட் இறந்தார். தன் மறைவுக்குப் பிறகு அந்தக் காப்பு அவர் உயிர்விட்ட அறையில் இருக்க வேண்டும் என்று ராணி சொல்லிவைத்தார். இப்போது அது பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நமக்குத் தாலிக்கொடி நினைவுக்கு வரும். கல்யாணத்தன்று மஞ்சள் கயிற்றில் தொங்கும் தாலியோடு சில நாளோ சில மாதமோ கழித்துக் குண்டும் காசும் பவளமும் சேர்த்துப் பிரித்துக் கோக்கிறார்களே, அதுவும் படிப்படியாக நிறையும் நகைதான். ஆனால் எது எப்போது சேரும் என்பதைக் குலவழக்கம் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. போட்டுக்கொள்கிறவளுக்கு அதில் தேர்வு கிடையாது. ராணியின் காப்பிலும் அவருக்குத் தேர்வு இருந்ததாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் பிறந்த கணக்குக்கு இதயங்கள் சேர்ந்தன, அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வியாபாரிகள் இந்த எண்ணத்தைக் காசாக்கப் பார்த்தார்கள். பெண் குழந்தை பிறந்ததும் மெல்லிய சங்கிலியில் ஒன்றிரண்டு முத்துகளைக் கோத்துக் கொடுத்துவிடுவது, பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தாத்தா பாட்டி ஒரு முத்து வாங்கிச் சேர்ப்பது. அவள் கல்யாண வயதுக்கு வரும்போது கழுத்தில் முழு முத்துமாலை. ஒரே மூச்சில் வாங்க முடியாததைத் தவணையில் வாங்கும் வழி அது. ஆசையைவிடச் சிக்கனம்தான் அதில் தூக்கலாகத் தெரிகிறது. ஒரே மாதிரி முத்துகள் என்பதால் எந்த முத்து எந்த வருஷத்தது என்று பின்னால் யாருக்கும் அடையாளம் தெரியாது. பொத்தான் சரத்தில் இருந்த கதை இதில் காணாமல் போய்விட்டது.

கதையைத் திருப்பிக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா. ஐரோப்பாவிலும் பசிபிக் தீவுகளிலும் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்கள் போன இடங்களின் நினைவாகச் சின்ன வெள்ளிப் பொருள்களை வாங்கிவந்து காதலிக்கும் மனைவிக்கும் கொடுத்தார்கள். 1950களில் சார்ம் பிரேஸ்லெட் இல்லாத பள்ளிக்கூடப் பெண்ணே இல்லை என்ற நிலை. பதினாறு வயது நிறைந்தால் ஒன்று, பட்டம் வாங்கினால் ஒன்று, நயாகராவைப் பார்த்துவந்தால் ஒன்று. சக்கரம் சுற்றும் தையல் மெஷின், கதவு திறக்கும் தேவாலயம், மூடியைத் தூக்கினால் உள்ளே ஓர் உருவம் தெரியும் பெட்டி என்று நகத்தளவுக்குள் வேலைப்பாடு செய்த சார்ம்கள் அந்தக் காலத்தவை. இன்று பழம்பொருள் சந்தைகளில் அவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். 1954இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வில் கிரேஸ் கெல்லியின் கையில் அப்படியொரு பிரேஸ்லெட்டைப் பார்க்கலாம்.

அந்தப் பிரேஸ்லெட்டில் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு சார்முக்கும் தலையில் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தைச் சங்கிலிக் கண்ணியில் மாட்டி, வாயை மூடி, பற்றவைக்க வேண்டும். பற்றவைக்காமல் இடுக்கியால் மட்டும் நெருக்கிவிட்டால் ஒருநாள் வாய் திறந்து சார்ம் எங்கேயோ விழுந்துவிடும். ஆகவே பரிசு வாங்கியவர் அதோடு நகைப் பட்டறைக்குப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். மாட்டியதை இடம் மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் பட்டறை. போதாக்குறைக்குத் தொங்குகிற சார்ம் எல்லாம் ஸ்வெட்டர் நூலில் சிக்கும், மேஜையில் இடித்துக் கலகலக்கும். அதைக் கையில் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்வது சுகமான வேலையாக இருந்திருக்காது. ஃபேஷன் மாறியதும் அம்மாக்களின் பிரேஸ்லெட்டுகள் பெட்டிக்குள் போய்விட்டன.

டென்மார்க்குக்கு வெள்ளி வேலையில் ஒரு நல்ல பெயர் உண்டு. ஜார்ஜ் ஜென்சன் 1904இல் கோபன்ஹேகனில் பட்டறை போட்ட காலத்திலிருந்தே டேனிஷ் வெள்ளி என்றால் உலகச் சந்தையில் தனி மதிப்பு. அந்த ஊரில் ஸ்வெண்ட் நீல்சன் என்பவர் ஒரு சிறு பட்டறை நடத்திவந்தார். அவர் மகன் சோரன் 1976இல் ஒரு வெள்ளி மணியைச் செய்தார். அதைச் சுற்றிலும் சின்னச் சின்ன முகங்கள். சற்றே கோணல் மூக்கும் பிதுங்கிய கன்னமுமாக, ஸ்காண்டிநேவியக் கதைகளில் வரும் ட்ரோல் பூதங்களின் சாயல். மணியின் நடுவில் ஒரு துளை. தோல் வாரில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அந்தத் துளைதான் விஷயம். அதுவரை சார்ம் என்றால் தொங்குவது. நீல்சன் வீட்டு மணி தொங்கவில்லை. வாரும் சங்கிலியும் அதன் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தன. தலையில் வளையம் இல்லை, ஆகவே பற்றவைக்க வேண்டியதில்லை. பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. கழற்றி, வரிசை மாற்றி, இன்றைக்கு ஐந்து, நாளைக்குப் பத்து என்று போட்டுக்கொள்ளலாம். நகை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது அதுவரை ஆசாரியின் கையில் இருந்தது. இப்போது அது போட்டுக்கொள்கிறவரின் சமையலறை மேஜைக்கு வந்துவிட்டது.

சோரனின் சகோதரி லீஸெ ஓகோர் நகைத்தொழில் தெரிந்தவர், கடை நடத்தவும் தெரிந்தவர். அவர்தான் இந்த ஒற்றை மணியை ஒரு குடும்பமாக வளர்த்தார். புதுப்புது மணிகள் வந்தன. வெள்ளியோடு கண்ணாடியும் சேர்ந்தது. வெள்ளிச் சங்கிலியும், அதற்கு இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் பூட்டும் வந்தன. டென்மார்க்கில் ‘ட்ரோல்டெகூக்லர்’, வெளிநாடுகளில் ‘ட்ரோல்பீட்ஸ்’ என்று பெயர். நிதானமான வளர்ச்சி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர், ஒரு கதை. வாங்குகிறவர்களும் கதை கேட்டுத்தான் வாங்கினார்கள். என்னைக் கேட்டால் சார்ம் மணியைப் பெற்றவர்கள் இவர்கள்தான். ஆனால் அதை வளர்த்துக் கோடீஸ்வரனாக்கியது பக்கத்து வீடு.

பேர் எனெவோல்ட்சன் என்ற பொற்கொல்லரும் மனைவி வின்னியும் 1982இல் கோபன்ஹேகனில் ஒரு சிறு நகைக்கடை திறந்தார்கள். கடைக்குப் பெயர் பாண்டோரா. தாய்லாந்துக்குப் போய் நகைகளைத் தேர்ந்தெடுத்து இறக்குமதி செய்து விற்பது அவர்கள் தொழில். கூட்டம் வந்தது; மற்ற கடைக்காரர்களும் சரக்கு கேட்டார்கள். 1987இல் சில்லறை வியாபாரத்தை விட்டுவிட்டு மொத்த வியாபாரத்துக்கு மாறினார்கள். லோனெ ஃபிரான்ட்சன் என்ற வடிவமைப்பாளரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 1989இல் வாங்கி விற்பதோடு நிற்காமல் தாய்லாந்திலேயே தயாரிக்கவும் தொடங்கினார்கள். பின்னால் லிஸ்பெத் எனோ லார்சன் என்ற இன்னொரு வடிவமைப்பாளரும் சேர்ந்தார். தொண்ணூறுகள் முழுக்க அது சாதாரண நகைக் கம்பெனிதான். 2000ஆம் ஆண்டில்தான் டென்மார்க் சந்தைக்கு அவர்களுடைய சார்ம் பிரேஸ்லெட் வந்தது.

சங்கிலியில் மணி கோப்பதில் இருக்கும் தொல்லை கோத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலைந்து மணி மட்டும் இருந்தால் அவை எல்லாமே மணிக்கட்டின் அடிப்பக்கம் போய்க் குவிந்துகொள்ளும். மேலே வெறும் சங்கிலி. விலை கொடுத்து வாங்கிய மணிகள் உள்ளங்கைப் பக்கம் ஒளிந்துகொண்டால் யாருக்கு என்ன லாபம்? பூட்டைத் திறந்தாலோ அத்தனையும் சடசடவென்று தரையில் கொட்டும். பிரேஸ்லெட் நிறைந்தவளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரு மணியில் அல்லது இரண்டு மணியில்தானே தொடங்க வேண்டும். தொடக்கத்திலேயே அழகாக இல்லாவிட்டால் அடுத்த மணிக்கு ஆளே வராது.

பாண்டோரா இதற்குக் கண்ட வழி ஒரு மரை. தோட்டுத் திருகாணியில் இருக்குமே, அந்த மரைதான். பாம்பு உடல்போல வழவழப்பாகப் பின்னிய வெள்ளிச் சங்கிலி. அதில் இரண்டு இடங்களில் தடித்த சிறு வளையங்கள். வளையங்களின் வெளிப்புறத்தில் மரை. சங்கிலியின் முனையிலும் மரை. மணியின் துளைக்குள் அதற்குப் பொருந்தும் உள்மரை. மணியைச் சங்கிலியில் நுழைக்கும்போது முனையில் திருகி ஏற்ற வேண்டும். பிறகு வழுக்கிக்கொண்டு போகும். முதல் வளையம் வந்ததும் நிற்கும். மறுபடி திருகினால் அதைத் தாண்டி நடுப்பகுதிக்குப் போகும். இப்படிச் சங்கிலி மூன்று பாகமாகிவிடுகிறது. இரண்டே மணி இருந்தாலும் அவற்றை நடுப்பாகத்தில் விட்டால் அங்கேயே இருக்கும். பூட்டைத் திறந்தாலும் கொட்டாது. வளையங்களின் மேல் கவ்விக்கொள்ளும் ‘கிளிப்’ என்ற தனி மணிகளையும் செய்தார்கள். கிளிப்பும் சார்ம் மாதிரியே அழகாக இருக்கும், அதற்கும் தனி விலை. வியாபாரி மூளை அங்கே தெரிகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை 2006 மார்ச் 7ஆம் தேதி கிடைத்தது. எண் 7,007,507. சமிலியா என்ற போட்டிக் கம்பெனியோடு அமெரிக்க நீதிமன்றத்தில் இதை வைத்து வழக்கும் நடந்தது. மணியின் அழகைப் பற்றியோ அதில் உள்ள பூனை, இதயம், விமானம் பற்றியோ அல்ல, மரையைப் பற்றி. எது தங்கள் சொத்து என்று பாண்டோராவுக்குத் தெரிந்திருந்தது.

இதே காலத்தில் இத்தாலியிலும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1987இல் ஃபிளாரன்ஸ் பக்கம் பாவ்லோ ஜென்சினி தொடங்கிய நாமினேஷன் கம்பெனி, துருப்பிடிக்காத எஃகில் தட்டையான கண்ணிகளைச் செய்தது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஸ்பிரிங் உண்டு; ஒன்றைக் கழற்றிவிட்டு, எழுத்தோ பூவோ பதித்த வேறொன்றைச் சொருகலாம். புத்திசாலித்தனமான பொருள். 2000த்தை ஒட்டி அமெரிக்காவில் இதன் நகல்கள் மலிந்து, சந்தைக் கடைகளில் கொட்டிக்கிடந்தன. அதன் பலவீனம் என்று எனக்குப் படுவது, வாங்கும்போதே அது முழு நகை. வெற்றுக் கண்ணிகள் கையைச் சுற்றி நிறைந்திருக்கும். நிரப்புவதற்கு இடைவெளி கண்ணில் படாது. பாண்டோராவின் வெறும் சங்கிலியோ பார்ப்பவரை உறுத்தும்.

2003இல் பாண்டோரா அமெரிக்காவுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜெர்மனி, ஆஸ்திரேலியா. 2005இல் பாங்காக் நகரத்தின் கிழக்கே ஜெமோபோலிஸ் என்ற நகைத்தொழில் பேட்டையில் பெரிய ஆலை. 2017இல் வடக்கே லம்பூனில் இன்னொன்று. இன்று ஆண்டுக்கு 10 கோடிக்கும் மேலான நகைகள் விற்கிறார்கள். தாய்லாந்தில் 10,000க்கும் அதிகமானோர் இதற்காக வேலை செய்கிறார்கள். டேனிஷ் நகை என்று பெயர். செய்வது தாய்லாந்துக் கைகள்.

வேலைமுறை பழையது. முதலில் ஒரு மாதிரி மணி. அதைச் சுற்றி ரப்பர் அச்சு. அச்சுக்குள் உருகிய மெழுகைச் செலுத்தினால் மெழுகு மணி கிடைக்கும். பொருத்துவாயில் நிற்கும் பிசிறைச் சீவிவிட்டு, நடுவில் ஒரு மெழுகுத் தண்டை நிறுத்தி, அதைச் சுற்றி மெழுகு மணிகளைக் கிளைகிளையாக ஒட்டுவார்கள். கல் வைத்த மணியானால் பொடிக் கற்களை மெழுகிலேயே பதித்துவிடுவதும் உண்டு. உலோகக் குவளைக்குள் இந்த மெழுகு மரத்தை இறக்கிச் சாந்து ஊற்றி, இறுகியதும் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் வெள்ளியை ஊற்ற வேண்டும். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. ஆறியதும் சாந்தைக் கழுவினால் வெள்ளி மரம். ஒவ்வொரு மணியாக வெட்டி, ராவி, மெருகிட்டு, பள்ளங்களில் கறுப்பேற்றி, மேட்டை மறுபடி துலக்குவார்கள். பூனையின் மீசை கண்ணுக்குத் தெரிவது அந்தக் கறுப்பால்தான்.

சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே மெழுகு வழிதான். ஆனால் அங்கே ஒரு மெழுகு உருவுக்கு ஒரு சிலை. மண் அச்சை உடைத்தால் போயிற்று, அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகைக் கையால் பிடிக்க வேண்டும். பாங்காக்கில் ரப்பர் அச்சு குறுக்கே வந்து கணக்கை மாற்றிவிட்டது. கைவேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது; ஆனால் ஒரே பூனை லட்சம் பேர் கையில் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் ‘என் பிரேஸ்லெட் என்னுடையது மட்டும்’ என்று ஏன் எல்லாரும் நினைக்கிறார்கள்? மணி பொதுவானது, வரிசைதான் சொந்தம். ஒரு சங்கிலியில் இருபது சொச்சம் மணிகள் பிடிக்கும். கடையில் நூற்றுக்கணக்கான வகைகள். அவற்றில் இருபதைப் பொறுக்கி வரிசைப்படுத்தினால் இன்னொருவரின் கையில் அதே வரிசை அமைய வழியே இல்லை. அதிலும் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். விமானம் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு, குழந்தை வண்டி மூத்தவன் பிறந்ததற்கு, ஆமை எதற்கென்று சொல்ல மாட்டேன் என்பாள். வெளியாளுக்கு அது வெறும் ஆமை.

உண்மையில் இந்த மணியால் அதிகம் பிழைத்தவர்கள் பரிசு கொடுக்க வேண்டியவர்கள். மனைவிக்கு நகை வாங்கப் போகும் ஆண் படும் பாடு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். என்ன பிடிக்கும், என்ன அளவு, ஏற்கெனவே இருக்கிறதா, பட்ஜெட் தாங்குமா? பாண்டோரா அந்த நாலு கவலைகளையும் எடுத்துவிட்டது. அளவு பிரச்சினை கிடையாது, எல்லா மணிக்கும் ஒரே துளை. அவள் ஆசைப்பட்டதைக் கடையில் முன்பே எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பாள். விலை, பிறந்தநாளுக்குக் கூச்சமில்லாமல் கொடுக்கக்கூடிய அளவுக்குள். முதல் பரிசாக வெறும் சங்கிலியும் ஒரு மணியும் கொடுத்துவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன கொடுப்பது என்ற யோசனையே வேண்டாம். மாமியாருக்கும் இதே வழி, பள்ளித் தோழிக்கும் இதே வழி. சிலருக்கு இது சோம்பேறித்தனமான பரிசு என்று தோன்றலாம். இருக்கட்டும். யோசித்து யோசித்துத் தவறான புடவையை வாங்கிவருவதைவிட இது மேல்.

சேகரிப்பவர்களின் உலகம் வேறு. அவர்களுக்கு நினைவு இரண்டாம்பட்சம். கம்பெனி சில மணிகளை நிறுத்திவிடும். நிறுத்தியதும் அவற்றின் பின்னால் ஓட்டம் தொடங்கும். 2014இலிருந்து உறுப்பினர்களுக்கென்று ஆண்டுக்கொரு மணி வெளியிட்டார்கள், அதே ஆண்டில் அமெரிக்காவில் டிஸ்னி பாத்திரங்கள் வந்தன, 2019இல் ஹாரி பாட்டர். வரிசை விட்டுப்போகக் கூடாது என்பவர்களுக்கு ஒவ்வொரு வெளியீடும் செலவு. போலிகளும் பெருகின. அசலைக் கண்டுபிடிக்க சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது மணியின் விளிம்பில் பொடி எழுத்தில் உள்ள முத்திரை: எஸ்925 ஏஎல்இ. 925 வெள்ளியின் தரம். ஏஎல்இ என்பது பேர் எனெவோல்ட்சனின் தகப்பனார் ஆல்கோட் எனெவோல்ட்சனின் பெயர். லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர்களில் பலருக்கு அது ஓர் அப்பாவின் பெயர் என்று தெரியாது.

குடும்பத் தொழில் குடும்பத்தோடு நிற்கவில்லை. 2008இல் ஆக்ஸெல் என்ற டேனிஷ் முதலீட்டு நிறுவனம் 60 சதவீதப் பங்குகளை வாங்கியது. 2010 அக்டோபரில் கோபன்ஹேகன் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 210 குரோனர் விலையில் வெளியிட்டார்கள். சில மாதங்களில் விலை எகிறியது. பிறகு வந்தது 2011. ஏப்ரலில் வெள்ளி அவுன்ஸுக்கு ஐம்பது டாலரை நெருங்கியது. பாண்டோரா விலையை ஏற்றியது, கூடவே கொஞ்சம் உயர்தட்டுக் கடை மாதிரி நடந்துகொள்ளவும் பார்த்தது. வாங்குகிறவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி லாப மதிப்பீட்டைக் குறைத்து அறிவித்ததும் பங்கு ஒரே நாளில் சுமார் 65 சதவீதம் சரிந்தது. தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

வைர அட்டிகை விற்கிறவர் விலையைப் பத்து சதவீதம் ஏற்றினால் தாங்கிக்கொள்வார்கள். வாழ்நாளில் ஒருமுறை வாங்குவது. மணி அப்படியல்ல. பிறந்தநாள், கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருஷத்துக்கு நாலுமுறை திரும்பி வருகிற ஆளை நம்பிய தொழில். யோசிக்காமல் வாங்கும் விலையிலிருந்து யோசித்து வாங்கும் விலைக்கு மணி நகர்ந்தால், அந்த நாலுமுறை இரண்டுமுறையாகிவிடும். அடுத்த ஆண்டு கம்பெனி தன் கடைக்காரர்களிடம் தேங்கிக் கிடந்த பழைய மணிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதுச் சரக்கு கொடுத்தது. விலைகளையும் பழையபடி கீழே கொண்டுவந்தது. மெல்ல எழுந்தது.

பயம் முற்றிலும் போகவில்லை என்றே தோன்றுகிறது. பிரேஸ்லெட் நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இரண்டாவது பிரேஸ்லெட் வாங்கச் சொல்லலாம். மோதிரம், கம்மல், ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்று வேறு திசைகளில் போகலாம். போகவும் செய்கிறார்கள். ஆனால் பாண்டோரா கடைக்குள் நுழைகிறவர்களில் அதிகம் பேர் இன்னும் குனிந்து பார்ப்பது மணித் தட்டுகளைத்தான். விற்பனையில் பெரும்பங்கும் சார்முக்கும் அதன் சங்கிலிக்குமே.

இதற்கிடையே மணி கம்பெனியின் கையைவிட்டும் போய்விட்டது. நாலரை மில்லிமீட்டர் அளவுத் துளை ஒரு பொது அளவாகிவிட்டதால், அந்தத் துளையோடு யார் வேண்டுமானாலும் மணி செய்கிறார்கள். கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் ‘ஐரோப்பிய மணி’ என்று கேட்டால் மரத்திலும் களிமண்ணிலும் கண்ணாடியிலும் எடுத்துப் போடுவார்கள். வீட்டில் விளக்குச் சுடரில் கண்ணாடிக் கம்பியை உருக்கி மணி சுற்றுகிறவர்கள் துளையின் இரு வாயிலும் வெள்ளிப் பூண் மாட்டி விற்கிறார்கள். மரை இல்லாத வழுக்குத் துளைதான் பெரும்பாலும். வளையத்தைத் தாண்டும் அளவு அகலம் இருந்தால் போதும்.

இரண்டு கம்பெனி மணிகளையும் வைத்திருப்பவர்கள் வாங்கிய கொஞ்ச நாளில் ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். பாண்டோரா மணி ட்ரோல்பீட்ஸ் சங்கிலியில் தாராளமாக ஏறும். ட்ரோல்பீட்ஸ் மணிகளுக்குத் துளை குறுகல். பாண்டோரா சங்கிலியின் மரை முனையில் அவற்றில் பல முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே இரண்டையும் கலந்து போட ஆசைப்படுகிறவர்கள் லீஸெ ஓகோர் கடைச் சங்கிலியைத்தான் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.